கார்த்திகையில் காய்ச்சிய பால்

கேளம்பாக்கம்
20.1.2025

அன்புத் தம்பி வரதனுக்கு,

அக்கா வரலட்சுமி எழுதுகிறேன். இங்கே மாமா, சஹானா, நான் மூவரும் உடம்பளவில் சௌக்கியம். நீயும் ஸ்வாதியும் நலமாக இருக்க வேண்டும். பொங்கல் நன்றாகப் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

கடிதத்தைப் பார்த்து முழிக்காதே. பொங்கலன்று ஃபோனில் நீதானே கத்தினாய், "இனிமே எதுன்னாலும் எழுதி அனுப்பு, உங்கிட்ட வாய் குடுத்து முடியல" என்று. சரி, எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இரண்டு பக்கத்துக்காவது நான் சொல்வதை முழுசாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

வீட்டுக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன், ஃபோனில் பாதிதான் காதில் வாங்கினாய். கோவளம் ரோட்டில் நாங்கள் வாங்கிய ஃபிளாட்டைப் போன வைகாசியிலேயே கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. தாமதத்துக்காக பில்டர்தான் எங்கள் வாடகையைக் கொடுத்துக்கொண்டிருந்தான். கார்த்திகை பிறந்ததும் கைகாவிலிருந்து நீ ஃபோன் மேல் ஃபோன். "மார்கழி வந்துட்சின்னா ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. கார்த்திகைலயே பால் காய்ச்சிடு. காய்ச்சிட்டா அப்பால எப்ப வேணா சாமான் ஏத்தலாம்." ஜோசியரிடம் தேதியும் நீயே வாங்கிக் கொடுத்தாய். சைட் ஆபீஸ் ரமேஷைக் கேட்டால் அவன் உனக்கு ஒரு படி மேலே. "தாராளமா காய்ச்சுங்க மேடம். ஒரே மாசத்துல சாவி கையில குடுத்துடறோம்."

லிஃப்ட் இல்லாத ஒன்பது மாடி ஏறி, நீ தாய்மாமன் சீராக கூரியரில் அனுப்பிய ஒற்றை அடுப்பை வைத்து, ஜன்னல் கண்ணாடிகூடப் போடாத ஹாலில் பால் காய்ச்சினோம். காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து எரிந்தது. மாமா ஒரு டைல்ஸ் அட்டைப்பெட்டியைப் பிரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பால் பொங்கியதும் ரமேஷ், ஆளுயரத்துக்கு அட்டையில் செய்த தங்கநிறச் சாவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூவரும் அதைப் பிடித்துக்கொண்டு ஃபோட்டோவுக்குச் சிரிக்க வேண்டுமாம். "இதெல்லாம் எதுக்கு?" என்றார் மாமா. நான்தான் "சும்மா நில்லுங்க" என்றேன். சிரித்தோம். சாயங்காலம் அட்டைச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள், நிஜச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். "கொஞ்சம் வேலை பாக்கி கீது மேடம்" என்றான்.

இப்போது கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. டிசம்பர் ஐந்தாம் தேதியே நாங்கள் வீட்டை ஒப்புக்கொண்டு குடியேறிவிட்டோமாம். ஆதாரம் அந்தப் படமாம். இனி வாடகை தரமாட்டார்களாம், நாங்கள்தான் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டுமாம். இருக்கிற வாடகை வீட்டையோ இந்த மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் மகள் துபாயிலிருந்து வருகிறாள். "பால் காய்ச்சியாச்சு, கிளம்பிடுவோம்" என்று நாங்களே வாய் கொள்ளாமல் அவரிடம் சொல்லி வைத்திருந்தோம்.

இதைத்தான் ஃபோனில் சொல்ல வந்தேன். அதற்குள் நீ கத்திவிட்டாய்.

உன் அக்கா,
வரலட்சுமி

பதிலை நான் வேலை பார்க்கும் க்ளினிக் விலாசத்துக்குப் போடு. வீட்டு விலாசம் இனி எது என்று எனக்கே தெரியவில்லை.


கைகா
30.1.2025

அக்காவுக்கு வரதன் எழுதுவது.

நாங்கள் நலம். ஸ்வாதிக்கு இருமல் இருந்தது, இப்போது தேவலை. மாமாவையும் சஹானாவையும் விசாரித்ததாகச் சொல்.

கோபத்தில் சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஸ்டாம்ப் ஒட்டுகிற ஆள் இந்த உலகத்திலேயே நீ ஒருத்திதான். உனக்குப் பதில் போட, இங்கே தபாலாபீஸில் தெரியாத கன்னடத்தில் கவர் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

நான் பால் காய்ச்சச் சொன்னேன். ஒப்புக்கொள்கிறேன். அந்த அட்டைச் சாவியைக் கட்டிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கச் சொன்னேனா? அதை ஸ்டேட்டஸில் வேறு வைத்தாய், "எங்கள் கனவு இல்லம்" என்று. நம் புதுப்பட்டினம் சனம் மொத்தமும் எனக்கு ஃபோன் செய்து, "அக்கா வூட்டுக்குப் போயிட்ச்சாமே" என்று கேட்டது. பில்டருக்கு ஆதாரத்தை நீயே பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, தேதி பார்த்துக் கொடுத்தவனைத் திட்டினால் எப்படி?

நான் வராதது வேறு உனக்கு ஒரு குறை. அணுமின் நிலையத்தில் ஷட்டவுன் வேலை நடக்கும்போது எலக்ட்ரீஷியனுக்கு லீவு கிடையாது என்று எத்தனை தடவை சொல்வது? தாய்மாமன் வராமல் பால் காய்ச்சியதில் எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா?

அதை விடு. காலி பண்ணிவிட்டு எங்கே போகப் போகிறீர்கள்? அதை நீ எழுதவே இல்லை. சஹானாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது. இந்த நேரத்தில் அவளை அலைக்கழிக்காதே.

வரதன்


கேளம்பாக்கம்
9.2.2025

அன்புள்ள வரதனுக்கு,

எல்லோரும் சுகம். ஸ்வாதிக்குச் சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்துக் கொடு. டானிக்கை நம்பாதே.

வீட்டைக் காலி செய்தாயிற்று. அலமாரியைக் கழற்றினால் திரும்ப மாட்ட வராது என்று டெம்போக்காரர் சொன்னார். கழற்றாமல் வாசலில் நுழையாது என்று உன் மாமா சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் என்னைத்தான் பார்க்கிறார்கள். நானே கழற்றினேன். பீரோவில் ஒரு கதவு கோணிக்கொண்டது. மிக்ஸி ஜார் ஒன்று காணோம். கேஸ், பால், ஆதார், பேங்க் என்று எந்த விலாசத்தையும் மாற்றவில்லை. மாற்றுவதற்கு ஒரு விலாசம் வேண்டுமே.

சாமானெல்லாம் செங்கல்பட்டில் பார்வதம் அண்ணி வீட்டு ஷெட்டில் போய் இறங்கிவிட்டது. உன் மாமாவும் சஹானாவும் அங்கேதான் இருக்கிறார்கள். தன் தம்பி வந்ததில் அண்ணிக்குச் சந்தோஷம். நான் காலை ஆறரைக்கெல்லாம் க்ளினிக் லேபில் வருகிறவர்களுக்கு ரத்தம் எடுக்க நிற்க வேண்டும், செங்கல்பட்டிலிருந்து வருவது நடக்காது. அதனால் இங்கேயே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன்.

உன் மாமா சிறுசேரிக்கு வேலைக்குப் போகும்போது தான் ஓட்டும் கம்பெனி வேனில் சஹானாவைப் பள்ளியில் விட்டுப் போகிறார். சாயங்காலம் அவள் நேராக லேபுக்கு வந்து என் மேஜையிலேயே உட்கார்ந்து படிப்பாள். ஏழு மணிக்கு வாசலில் ஹாரன் அடிக்கும். புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவாள். பெற்ற பிள்ளையைத் தினமும் ஹாரன் சத்தத்துக்கு அனுப்பி வைக்கிறேன். எரிச்சலாக இருக்கிறது வரதா. யார் மேல் என்று தெரியவில்லை, அதுவே இன்னும் எரிச்சல்.

ஸ்டேட்டஸ் வைத்தது தப்புத்தான். போதுமா?

அக்கா


கைகா
20.2.2025

அக்காவுக்கு,

நலம். கஷாயம் வைத்துக் கொடுத்தேன். ஸ்வாதி முதல் மடக்கிலேயே உன்னை விசாரித்தாள், எப்படி என்று எழுத மாட்டேன்.

மாமாவுக்கு ஃபோன் செய்தேன். "இன்னா மாமா, எப்டி கீறீங்க?" என்றேன். "கீறேன்" என்றார். "அக்கா?" என்றேன். "அதுவும் கீது" என்றார். அவ்வளவுதான், கட் பண்ணிவிட்டார். பால் காய்ச்சிய அன்றைக்கு வீடியோவில் அரை மணி நேரம் பேசின மனிதர் அவர். என்னவோ இருக்கிறது, நீ எழுதமாட்டேன் என்கிறாய்.

ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி? எத்தனை பேர் ஒரு ரூமில்? எந்த ஹாஸ்டல் என்று பேரை எழுது. ஸ்வாதியின் சிநேகிதி ஒருத்தி கேளம்பாக்கத்தில் இருக்கிறாள், வந்து பார்க்கச் சொல்கிறேன்.

வரதன்


கேளம்பாக்கம்
8.3.2025

அன்புள்ள வரதனுக்கு,

நலமே. படி அதிகம் என்பதால் முட்டி மட்டும் வலிக்கிறது. தைலம் தேய்த்துக்கொள்கிறேன்.

யாரையும் அனுப்பாதே. எனக்கு வேளைக்கு வேளை சோறு கிடைக்கிறது. நேற்று ஊறவைத்த அரிசியைப் புறா வந்து கிளறிவிட்டது. அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. ராத்திரியில் நல்ல காற்று.

ரமேஷை மறுபடியும் போய்ப் பார்த்தேன். லிஃப்ட் எப்போது என்றேன். "வந்துகினே கீது மேடம்." தண்ணீர்? "அதுவும் வந்துகினே கீது." கரண்ட்? சிரிக்கிறான். அப்புறம் சொல்கிறான், "நீங்கதான் மேடம் எங்க ஹேப்பி கஸ்டமர். நீங்களே இப்டி பேஜார் பண்ணா எப்டி?" என்று. பேஜார் பண்ணுகிறேனாம்! அந்த கேட்டைப் போய் நீ பார்க்க வேண்டும். நாங்கள் மூவரும் அட்டைச் சாவியோடு இளித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் பெரிய பேனராக அடித்துத் தொங்கவிட்டிருக்கிறான். தலைக்கு மேல், "நாங்கள் குடியேறிவிட்டோம்! நீங்கள்?" என்று கொட்டை எழுத்து. உன் மாமாவின் முகத்தில் மட்டும் சிரிப்பு பாதியில் நிற்கிறது. ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள்.

சஹானா படிக்கிறாள். கணக்குத்தான் பயமாம். பார்வதம் அண்ணி வீட்டில் டிவி சத்தம் ஓயவே இல்லையாம்.

அக்கா


கைகா
16.3.2025

அக்கா,

நலம் விசாரிக்க இப்போது பொறுமை இல்லை. எந்த ஹாஸ்டலில் அடுப்பு வைக்க விடுகிறார்கள்? எந்த ஹாஸ்டலில் அரிசி ஊறவைத்துப் புறாவுக்குக் கொடுக்கிறார்கள்? முட்டி வலிக்க எத்தனை மாடி ஏறுகிறாய்?

நீ ஹாஸ்டலில் இல்லை. அந்தக் கட்டடத்தில் இருக்கிறாய். பொய் என்றால் பொய் என்று எழுது.

தற்காலிக கரண்ட் ஒயர் எதிலும் எதையும் சொருகாதே. அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வரதன்


கோவளம் ரோடு, ஒன்பதாவது மாடி
24.3.2025

அன்புள்ள வரதனுக்கு,

விலாசத்தைப் பார்த்திருப்பாய். பொய்யில்லை.

காலி செய்த அன்றைக்கு டெம்போவில் எல்லாம் ஏற்றி முடிந்ததும் உன் மாமா, "ஏறு, அக்கா வூட்டுக்குப் போலாம்" என்றார். நான் வரமாட்டேன் என்றேன். நமக்கு என்று ஒரு வீடு இருக்கும்போது நான் ஏன் இன்னொருத்தர் வீட்டு ஷெட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படுக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னார், "நீயும் உன் தம்பியும் பால் காய்ச்சின வூடு. போய் நீங்களே இருந்துக்கோங்க." டெம்போக்காரர் கயிற்றை இறுக்குகிற மாதிரி திரும்பிக்கொண்டார். முன் சீட்டில் சஹானா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னை ரோட்டில் வைத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. ஹாஸ்டல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஹாஸ்டலில் இரண்டு ராத்திரிதான் இருந்தேன். என் மகள் வயசுப் பெண்களுக்கு நடுவில் மேல் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு, இந்த மாதம் பேங்குக்குக் கட்டிய தவணை எந்த வீட்டுக்கு என்று யோசித்தேன். மறுநாள் கேளம்பாக்கம் மார்க்கெட்டில் ஒரு பூட்டும் ஒரு கொண்டியும் வாங்கினேன். என்னிடம் இருந்தது உன் ஒற்றை அடுப்பு, ஒரு பாய், சார்ஜ் லைட், இரண்டு குடம். பாக்கி வேலைக்காக வீட்டைத் திறந்தேதான் போட்டிருந்தார்கள், வாட்ச்மேனும் தடுக்கவே இல்லை. "பேனர் மேடம்தானே?" என்று சல்யூட் அடித்தான். குடியேறிவிட்டேன் என்று அவர்கள்தானே ஊருக்கே சொல்லியிருக்கிறார்கள்? சரி, குடியேறிவிட்டேன்.

பயப்படாதே. வாட்ச்மேன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கீழேயே இருக்கிறான். தண்ணீர் தூக்குவதுதான் உயிர் போகிறது. காலையில் ஜன்னலில் நின்றால் திருவிடந்தைப் பக்கம் படகுகள் கிளம்புவது தெரிகிறது. அந்தக் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறது. அப்புறம் படி இறங்க வேண்டும்.

மாமாவுக்குத் தெரியாது. சஹானாவுக்கும் தெரியாது. அவள் பரீட்சை முடியட்டும். உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் சொன்னதில் உன் பேரும் இருந்தது, அதனால்தான்.

அக்கா


கோவளம் ரோடு
13.4.2025

அன்புள்ள வரதனுக்கு,

நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. ஃபோன் செய்யலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன். மாமா சொன்னதை எழுதியிருக்கக் கூடாதோ என்று தோன்றுகிறது. உனக்குக் கோபம் என்றால் அதையாவது நாலு வரி எழுது.

நீ பேசாவிட்டாலும் இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் ரமேஷ் ஒன்பது மாடி ஏறி வந்தான். அவன் மூச்சு வாங்கியதைப் பார்க்கவே எனக்குத் திருப்தியாக இருந்தது. அரசாங்க அதிகாரிகள் கட்டடத்தைச் சோதனை போட வருகிறார்களாம், யாராவது குடியிருப்பது தெரிந்தால் வேலையையே நிறுத்திவிடுவார்களாம். "காலி பண்ணிடுங்க மேடம், எங்க பொழப்பே பூடும்" என்று கும்பிட்டான். "நான்தான் டிசம்பர்லயே குடி வந்துட்டேனே, நீங்கதானே லெட்டர் போட்டீங்க?" என்றேன். "அது வேற மேடம்." "எது வேற? எழுதிக் குடுங்க. வாய்ல சொன்னா போமாட்டேன்."

மறுநாள் கம்பெனி தாளில், கையெழுத்தும் சீலும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். கட்டடம் இன்னும் குடியிருக்கத் தகுதியான நிலையில் இல்லை, லிஃப்ட், தண்ணீர், மின் இணைப்பு எதுவும் தரப்படவில்லை, வீடு யாரிடமும் ஒப்படைக்கப்படவில்லை, ஆகவே அத்துமீறித் தங்கியுள்ள நீங்கள் உடனே வெளியேறவும் என்று எழுதியிருந்தது. அவன் எதிரிலேயே உரக்க ஒரு தடவை படித்தேன். அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை.

எங்கள் க்ளினிக்குக்குச் சர்க்கரை பார்க்க வரும் வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். ஊசி குத்தின கையைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். குடியேறிவிட்டோம் என்ற பழைய கடிதத்தையும் இந்தத் தாளையும் சேர்த்து பில்டருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். வாடகையும் வந்தாக வேண்டும், பராமரிப்புக் கட்டணமும் ரத்தாக வேண்டும் என்கிறார். அதிகாரிகள் வந்த அன்றைக்கு மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிட்டேன். வாடகை கைக்கு வரட்டும், பார்க்கலாம்.

இதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. நாளைக்குச் சித்திரை ஒன்று. பாயசம் வைக்கலாம் என்றால் பால் வாங்கிக்கொண்டு ஏற வேண்டும். இந்த வீட்டில் பால் என்றாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பதில் போடு.

அக்கா


கைகா
2.5.2025

அக்காவுக்கு,

நலம். கோபமில்லை. உன் மார்ச் மாதக் கடிதம் வந்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. லீவு எழுதிக் கொடுத்தேன். ஏப்ரல் கடைசியில்தான் கிடைத்தது. நேரே செங்கல்பட்டுக்குப் போனேன்.

மாமாவிடம் கேட்டேன், "அக்கா எங்க கீதுன்னு தெரியுமா மாமா?" என்று. "வா" என்று வேனில் ஏற்றிக்கொண்டார். கேளம்பாக்கம் வந்து, கோவளம் ரோட்டில் உன் கட்டடத்துக்கு எதிரே ஒரு டீக்கடைப் பக்கம் வண்டியை நிறுத்தினார். இருட்டிக்கொண்டு வந்தது. ஏழரை இருக்கும். ஒன்பதாவது மாடியில் உன் சார்ஜ் லைட் எரிந்தது. "அதோ, வந்துட்சி" என்றார். டீக் காசைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பிப்ரவரியிலிருந்தே தெரியுமாம். பால் காய்ச்சிய அன்று தான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் வேறு யாராக இருக்கும் என்கிறார். சஹானாவும் சொன்னாள்: "பரீட்சை முடியற வரைக்கும் நானும் அப்பாவும் தெனமும் பார்த்துட்டுத்தான் மாமா போவோம். இப்ப அப்பா மட்டும் போறாரு. அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு." சிறுசேரியிலிருந்து செங்கல்பட்டு போகிறவருக்கு கோவளம் ரோட்டில் என்ன வேலை, சொல். "ஏன் மாமா மேல போகல?" என்று கேட்டேன். "போய் இன்னான்னு சொல்றது? அந்த வார்த்தைய வாபஸ் வாங்க தெரிலடா" என்றார்.

நானும் ஏறி வரவில்லை. தேதி குறித்துக் கொடுத்தவன் எந்த முகத்தோடு வருவது? திட்டு, பரவாயில்லை.

வரதன்


கோவளம் ரோடு
10.5.2025

தம்பி வரதனுக்கு,

உடம்பு நலம். மற்றதெல்லாம் கொதித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு ஆம்பிளைகள் ரோட்டில் நின்று டீ குடித்துக்கொண்டு லைட் பார்த்தீர்களாம்! நான் மேலே ஒரு குடம் தண்ணீரை மாடிக்கு மாடி இறக்கி வைத்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கீழே "வந்துட்சி" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறீர்கள். மூன்று மாதமாக என் பெண் என் மேஜையில் உட்கார்ந்து தெரியாதது மாதிரி ஆல்ஜீப்ரா போட்டிருக்கிறாள். உங்களை எல்லாம் என்ன செய்தால் தகும்? படித்துவிட்டு ஒரு மணி நேரம் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். அப்புறம் அழுதேன். அப்புறம் மறுபடியும் கோபம் வந்தது.

நேற்று சாயங்காலம் வந்தேன். பூட்டைத் திறந்தேன். லைட்டைப் போடவில்லை. ஜன்னலிலிருந்து தள்ளி, சுவரோரம் இருட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை. எடுத்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் கீழே வாட்ச்மேன் குரல் கேட்டது. அப்புறம் படிக்கட்டில் செருப்புச் சத்தம் தடதடவென்று வந்தது. நாலாவது மாடிக்கு மேல் அது மெதுவானது. ஏழாவதில் நின்றது. எனக்கே பாவமாகிவிட்டது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஃபோன் டார்ச்சோடு வாசலில் வந்து நின்றார். சட்டை முழுக்க வேர்வை. என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வூட்ல லைட்டு இன்னா ஆச்சு?" என்றார்.

இத்தனை நாள் அவர் வாயில் இது என் வீடு, உன் வீடு, பில்டர் வீடு. நேற்று வெறும் வீடு. அது எனக்குக் கேட்டது, அவருக்குக் கேட்டதா தெரியாது.

"சார்ஜ் இல்ல" என்றேன். அவர் லைட்டை எடுத்து ஸ்விட்சைத் தட்டினார். பளிச்சென்று எரிந்தது. லைட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாயில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "இதையா தெனமும் தூக்கினு வர்ற?" என்று கேட்டார். அப்புறம் சண்டை போட்டோம். நல்ல சண்டை, டிசம்பரிலிருந்து பாக்கி இருந்ததெல்லாம் வந்தது. உன் பேரும் வந்தது. டெம்போ முன்னால் சொன்னதை நான் திரும்பச் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்" என்றார். அதற்கு மேல் அவரால் முடியாது, எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சஹானாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். தண்ணீரை அவரே தூக்குகிறாராம். பார்க்கலாம் எத்தனை நாளைக்கு என்று.

அக்கா


கைகா
21.5.2025

அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை ஸ்வாதிக்குப் படித்துக் காட்டினேன். லைட் போடாத இடம் வந்ததும் அவள் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. எங்கள் வீட்டு லைட்டெல்லாம் இனி நானே போடுகிறேன்.

சஹானா ரிசல்ட்டை ஃபோனில் சொன்னாள். கணக்கில் அவ்வளவு மார்க்கா! டிவி சத்தத்தில் படித்த பெண்ணா இது?

பில்டர் என்ன சொல்கிறான்? வயரிங் முடிந்து மீட்டர் வைக்கும்போது எனக்கு எழுது. இந்த முறை லீவு கேட்க மாட்டேன், எடுத்துக்கொண்டு வருவேன்.

வரதன்


கோவளம் ரோடு
24.7.2025

அன்புள்ள தம்பி வரதனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முட்டி வலிகூடக் குறைந்திருக்கிறது, லிஃப்ட் வந்துவிட்டது. ஸ்வாதிக்கு இது எத்தனையாவது மாதம் என்று நீ எழுதவே இல்லையே. அவள்தான் சஹானாவிடம் சொன்னாளாம். சொல்லாமல் மறைப்பது நம் குடும்பத்தில் என்னோடு போகட்டும்.

ஜூனில் பில்டர் பணிந்தான். நின்றுபோன வாடகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டான், பராமரிப்புக் கட்டணமும் இல்லை. நேற்று நிஜச் சாவி கைக்கு வந்தது. வாங்கின கையோடு என் பூட்டையும் கொண்டியையும் மாமா கழற்றினார். நான் தூக்கிப் போடவிடவில்லை.

சாவி ஆடியில் வந்ததுதான் இப்போது பஞ்சாயத்து. பார்வதம் அண்ணி, "ஆடியில எவனாவது குடி போவானா? ஆவணி வரட்டும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். உன் ஜோசியரும் அதையே சொன்னார் என்று நீ சஹானாவுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாய். உனக்கு இன்னும் புத்தி வரவில்லை. நான் அண்ணிக்குச் சொன்ன பதிலையே உனக்கும் சொல்கிறேன். பால் காய்ச்சினது கார்த்திகையில், வளர்பிறையில். பாயோடு குடி வந்தது தையில். இரண்டுமே நல்ல மாதம். கட்டடம் கட்டி முடித்தது மட்டும்தான் ஆடியில், அந்தத் தோஷம் பில்டருக்கு. அண்ணி மாதங்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அதுவும் செரிதான்" என்றார். டெம்போ நாளைக்கு வருகிறது.

கேட்டில் தொங்கிய பேனரை வாட்ச்மேன் கழற்றி, "உங்க போட்டோ மேடம்" என்று கொண்டுவந்து கொடுத்தான். மாமா கிழித்துப் போடப் பார்த்தார். நல்ல கனமான துணி, வீணாக்குவானேன்? மொட்டை மாடியில் விரித்து மிளகாய் காய வைத்திருக்கிறேன். அட்டைச் சாவி முழுக்க மிளகாய். மாமாவின் பாதிச் சிரிப்பு மட்டும் ஓரத்தில் தெரிகிறது. புறாவை ஓட்டும் வேலை சஹானாவுக்கு.

நீ லீவு எடுத்துக்கொண்டு வா. உன் அடுப்பைத் துடைத்து வைத்திருக்கிறேன். இன்னொரு முறை பால் காய்ச்சமாட்டேன். காபி போட்டுத் தருகிறேன்.

இனி கடிதம் எழுதாதே, ஃபோனே செய். இந்த மாடியில் பக்கத்து வீடுகள் எல்லாம் இன்னும் காலிதான். எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள்ளலாம்.

உன் அக்கா,
வரலட்சுமி